ஃபேன் பிடித்த சுருதி

பூமாரியின் அம்மாவுக்கு,

இது நானே எழுதியது. சாட்சரதா எழுத்தறிவு வகுப்பில் நாம் சேர்ந்து படித்த எழுத்துதான். உன் அண்ணனிடம் கொடுக்காமல் நீயே படி.

பெண் பார்க்க வந்தவர்கள் பூமாரியின் கிட்டாரைப் பார்த்து முகம் சுளித்தார்கள் என்று, அதை விற்றால்தான் திரும்புவேன் எனச் சொல்லிக் கம்பத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். பூமாரி இன்னும் விற்கவில்லை. போனில் ஒரே சுருதியை ஓடவிட்டு, அதன்மேல் மனதில் தோன்றியதை வாசித்துப் பழகுகிறாள்.

நேற்றுச் சாயங்காலம் பாதியில் சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. ஃபேக்டரியில் தேயிலை வாட்டும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டாள். அதுவரை துள்ளி விளையாடிய பாட்டு அழ ஆரம்பித்துவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் நான் கேட்ட ஃபேன்தானே அது!

“வேற பாட்டாம்மா?” என்றேன்.

“இல்லப்பா, அதே ஏழு சுரந்தான். ஃபேன் சுருதி வேற, அதனால பாட்டு வந்து தங்குற எடம் மாறிப்போச்சு.”

பக்கத்து வீட்டுப் பிச்சைமணி வாசலில் வந்து நின்று, “ஏ புள்ள, எங்க தூக்கத்தக் கெடுத்த சனியனையே பாட வச்சிட்டியே!” என்றான். சிரித்தபடிதான் சொன்னான், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நீ இல்லாமல் நான் மட்டும் கேட்டது எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமையும் ஃபேன் ஓடும். குமுளி பஸ் பிடித்து வந்து ஒரு தடவை கேள். கேட்ட பிறகும் விற்க வேண்டும் என்றால், அதை அவளிடம் நீயே சொல். என்னால் முடியாது.

உன் வீட்டுக்காரன்