பாதிக் கயிற்றில் நங்கூரம்

ஜூலை 17, வியாழன்

காலை மழை, பிறகு வெயில். சனிக்கிழமை வதனி படகுக்கு வருகிறாள். போர்க்காலத்தில் சிறுமியாகக் கடல்நீரேரி கடந்து வந்தபின் சின்னப் படகு எதிலும் கால் வைக்காதவள். மூன்று கோடையாகக் கேட்டேன். இன்று நிபந்தனையோடு சம்மதம்.

"ஒருக்கா வாறன். பயந்தனெண்டா படகை வித்துப்போட வேணும். பிறகு கதை இல்லை."

ஓம் என்றுவிட்டேன். எங்கள் திருமணத்தின்போதுகூட இவ்வளவு தெளிவான நிபந்தனை இருக்கவில்லை.

செய்ய: பெற்றோல். லைஃப் ஜாக்கெட் 3. மோர்மிளகாய்.

மாலை சிவம் வந்தான். வதனியின் தம்பி, கோயில் சபைச் செயலாளர். தேர்த் திருவிழாப் பந்தலுக்கு வாங்கிப்போன நங்கூரக் கயிற்றைத் திருப்பித் தந்தான்; சனிக்கிழமை தானும் வருகிறானாம். நாற்பது மீட்டர். அழகாகச் சுற்றி, திருநீற்று வாசத்தோடு. பிரித்துப் பார்க்கவில்லை. கோயிலிலிருந்து வந்ததை அளந்து பார்ப்பது மரியாதை இல்லை.

ஜூலை 18, வெள்ளி

வெக்கை. முதியோர் இல்லச் சமையலறையில் பன்னிரண்டு மணிநேரம். சூப்பில் உப்பில்லை என்று முதல் மாடி, உப்புக் கூட என்று இரண்டாம் மாடி. ஒரே சட்டி.

எனக்குப் பாய்ப்படகு பழக்கிய ஊலி தொலைபேசியில்: நாளை மதியத்துக்குப் பின் மேற்குக் காற்று, இடியும் வரலாம், இரண்டு மணிக்குள் திரும்பிவிடு. பத்துக்குப் புறப்பட வேண்டும். வதனியிடம் ஒன்பது என்றேன். சிவத்திடம் எட்டு. அனுபவம்.

ஜூலை 19, சனி

சிவம் பதினொன்றுக்கு வந்தான்.

வாலன்ஸே ஏரி. கண்ணாடி மாதிரித் தண்ணீர். வடகரையில் செங்குத்துப் பாறை, அதன் அடியில் கூழாங்கல் திட்டு. காலையில் நின்று சாப்பிட நல்ல இடம். மேற்குக் காற்றுக்கு முழுதாகத் திறந்திருப்பதால் பிற்பகலில் எவரும் நிற்பதில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒன்றரைக்கு.

ஆழம் ஏழு மீட்டர். அதில் ஐந்து மடங்கு கயிறு விடவேண்டும். பாதியில் கயிறு முடிந்தது. நல்லவேளை, முனையைப் படகில் கட்டியிருந்தேன். வெட்டிய முனையை நெருப்பில் உருக்கி நேர்த்தியாக முடித்திருந்தார்கள்.

"சிவம், மிச்சக் கயிறு எங்கை?"

"பந்தலிலை, அத்தான். முடிச்சு இறுகிப்போச்சு, வெட்ட வேண்டியதாப் போச்சு. சாமிக்குத்தானே."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வதனி புட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டாள். தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து, "வடிவாத்தான் இருக்கு" என்றாள். மூன்று கோடை காத்திருந்த சொல். இருந்துவிட்டேன்.

2.20. எதிர்க்கரையில் செம்மஞ்சள் புயல் எச்சரிக்கை விளக்கு மெதுவாக மின்னத் தொடங்கியது.

"அது என்ன லைட்?"

"ஒண்டுமில்லை."

2.35. விளக்கு வேகமாக. அலை. கரையில் ஒரே கோட்டில் நின்ற மரமும் கொட்டிலும் விலகின. நங்கூரம் பிடிக்கவில்லை, படகு பின்னால் இழுபடுகிறது. பின்னால் பாறை.

"இஞ்சருங்கோ, நாங்கள் நகருறமோ?"

"ஒண்டுமில்லை."

மோட்டார்க் கயிற்றை இழுத்தேன். இருமல் மட்டும். ஆறு தரம். சிவம் தேவாரம் தொடங்கினான், சுருதி சேரவில்லை. பாறை பத்து மீட்டர். வதனி என் முகத்தையே பார்த்தாள். "ஒண்டுமில்லை" என்றேன்.

ஏழாவது இழுப்பில் பிடித்தது. நங்கூரம் தூக்க நான் முன்னால் போகவேண்டும். சுக்கான்?

"அக்கா, நான்..." என்றான் சிவம்.

"நீ பாடு" என்று சுக்கானைப் பிடித்தாள். காற்றுக்கு நேரே படகின் முகத்தை வை என்று கத்தினேன். வைத்தாள். பாறை ஒரு துடுப்புத் தூரம்வரை வந்து, பிறகு விலகியது.

3.30 தென்கரைத் துறை. மூவரும் நனைந்தபடி.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். வீடு இருக்கும் ஓர்லிகோனில் இலைகூட அசையவில்லை.

சிவம் தொலைபேசியில்: "மற்றப் பாதியையும் கொண்டு வாறன், அத்தான். ரெண்டையும் முடிச்சுப்போட்டால் சரிதானே."

வதனி உடுப்புத் தோய்த்தாள், காயப்போட்டாள், மடித்தாள். நாலு மணிக்கு நானே கேட்டேன்: "விக்கிறதோ?"

"காத்துக்கு நான் பயப்பிடேல்லை. அதைவிடப் பெரிசு கண்டனான். நீங்கள் மூண்டு தரம் ஒண்டுமில்லை எண்டியள். உங்கடை முகம் வேறை சொல்லிச்சு. அதுக்குத்தான் பயந்தனான்."

"எனக்கும் பயமாத்தான் கிடந்தது."

"அதை அங்கை சொல்லியிருக்க வேணும்."

படகைப் பற்றித் தீர்ப்பு இல்லை. திரும்பக் கேட்கவும் துணிவில்லை.

ஜூலை 21, திங்கள்

தூறல். சூப் பற்றி முறைப்பாடு இல்லை, சந்தேகமாக இருக்கிறது. விற்பனை விளம்பரம் எழுதி வைத்தேன், மூன்று வரி. "பாதுகாப்பான படகு" என்ற முதல் வரியை அடித்தேன்.

சாப்பிடும்போது வதனி, தட்டைப் பார்த்தபடி: "சனிக்கிழமை காத்து எப்பிடியாம்?"

பார்த்தேன். மேற்கிலிருந்து, பலமாக.

"கூடாது" என்றேன்.

"அப்ப ஞாயிறு?"