பிளக்கின் பின்பக்கம்

7 மே 2005, டவுன்ஸ்வில்

நியூ கினி மலையில் கிடைத்த போர்க்கால விமானச் சிதைவிலிருந்து ஒரு பிளக் தபாலில் வந்தது. பழைய ரேடியோ தெரிந்தவன் என்பதால், எந்தக் கருவியுடையது என்று நான் சொல்ல வேண்டும். 1943இல் அந்த மலைப் பக்கம் காணாமல் போய் இன்னும் கிடைக்காதவை இரண்டே விமானங்கள். ஒன்றில் ரேடார், மற்றதில் அதே இடத்தில் வெறும் ரேடியோ. இரண்டுக்கும் ஒரே ஆறுமுனை பிளக்தான். மாற்றிச் செருகிவிடக் கூடாதென்று விளிம்பிலுள்ள பள்ளத்தை மட்டும் இடம் மாற்றி வெட்டியிருப்பார்கள். முகப்பில் முதல் முனைக்கு இடப்பக்கம் பள்ளம் இருந்தால் ரேடார், வலப்பக்கம் என்றால் ரேடியோ.

ரேடார் விமானத்தில் போனவன் ரெக்ஸ், பத்தொன்பது வயது. பக்கத்துத் தெரு லோர்னாவின் தம்பி.

8 மே

முகப்பு நசுங்கிக் கிடக்கிறது. கம்பி பற்றவைத்த பின்பக்கம் மட்டும் சுத்தம். முனைகளின் எண்கூடத் தெரிகிறது. பள்ளம் இடப்பக்கமேதான்.

9 மே

சொல்லிவிட்டேன். லோர்னா தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அவன் கடல்ல விழலையா? அவனுக்குத் தண்ணின்னாலே பயம், நெவில்."

அப்புறம் அழுதார். எண்பத்து நான்கு வயதில் அப்படி ஒரு அழுகை.

13 மே

லோர்னா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடந்தாராம். அறுபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கமே போகாதவர்.

18 மே

ரேடியோ கிளப் வெர்ன் வந்தான். பிளக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "முதுகைப் பாத்துட்டு முகம்னு சொல்லியிருக்கியேடா."

பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். இதற்காக எத்தனை பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன்! எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு? — ரெக்ஸா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். வேறென்ன.

19 மே

போகவில்லை. தைரியம் வரவில்லை.

20 மே

போனேன், சொன்னேன். லோர்னா பிளக்கை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "நீ கெளம்பு, நெவில்."

திட்டியிருக்கலாம்.

12 ஜூன்

எஞ்சின் எண்ணும் கிடைத்துவிட்டது. மற்ற விமானம்தான், சந்தேகமே இல்லை. மூன்று வாரமாகப் பேசாத லோர்னா இன்று கூப்பிட்டார். "அப்ப அந்த மலையில கெடக்குறது யாரு?" அதில் போன நான்கு பேரின் பெயரையும் வாசித்தேன். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

3 ஜூலை

நால்வரில் ஒருவனுடைய தங்கை பெண்டிகோ ஊரில் உயிரோடு இருக்கிறார். லோர்னாவே அவருக்குக் கடிதம் எழுதி, என்னிடம் படிக்கக் கொடுத்தார்.

"உங்கள் அண்ணன் கிடைத்துவிட்டார். என் தம்பி என்று நினைத்து நான் பதினொரு நாள் அவருக்காக அழுதேன். அதனால் அழ ஆளில்லாமல் கிடந்தார் என்று நினைக்க வேண்டாம்."

தபால்தலை நான் ஒட்டினேன்.