எல்லையில் அதட்டிய பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி தேவலையா? அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா? நான் நலம். ஆத்திரம்தான் அடங்கவில்லை.

இங்கே வேலையில் கிடைத்த லீவில், பக்கத்து நாட்டிலிருக்கும் பழைய கோட்டை நகரத்தைப் பார்க்க ரயிலேறினேன். பாஸ்போர்ட்டில் என் பெயரோடு உங்கள் பெயரும் முழுதாக இருக்கிறதல்லவா? டிக்கெட்டில் நம் வழக்கப்படி இனிஷியல் மட்டும் போட்டிருந்தேன். எல்லையில் ஏறிய அதிகாரிக்கு அது போதவில்லை. இந்தப் பக்கத்து நாடுகளிலெல்லாம் கடைசிப் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அம்மா ஒருநாளும் வாயால் சொல்லாத உங்கள் பெயரைச் சொல்லி, என்னைவிடச் சின்னப் பயல், பெட்டி முழுக்கக் கேட்க, "டேய், இறங்குடா" என்கிற தொனியில் அதட்டினான்.

"சார், அது எங்கப்பா பேரு" என்றேன்.

"அப்ப உங்கப்பனை வரச் சொல்லு" என்று சிரித்தான்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பயப்பட ஒன்றுமில்லை, விசாரித்துவிட்டு அடுத்த ரயிலில் அனுப்பிவிட்டார்கள். கோட்டையையும் பார்த்தேன். ஒரு கல்கூட மனதில் நிற்கவில்லை.

எது என் பெயர், எது உங்கள் பெயர் என்று காட்ட, என் பிறப்புச் சான்றிதழ் நகலை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் என்னை ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

வெளியே சூப்பர்வைசர் உங்கள் பெயரைக் கத்துகிறான். போகிறேன்.

உங்கள் மகன்