அரசனை வெளியே நகர்த்திய இடது கை

இன்று காலை உங்கள் பெயருக்கு ஒரு தபால் வந்தது. தபால்காரர் கீழே நின்று மணியை அடித்து, உங்கள் பெயரை வழக்கம்போல நடுவில் முறித்து வாசித்தார். படியிறங்கிப் போய் வாங்கினேன். யப்பான் முத்திரை, மெல்லிய நீல உறை. உள்ளே பத்திரிகையில் வெட்டிய ஒரு துண்டு, இந்த ஆண்டுப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம். ஓரத்தில் உங்கள் பழைய கப்பல் ரேடியோ ஒபிசர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: "தோற்றவர் எங்கே பிழை விட்டார், சொல்லு பார்ப்போம்."

நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. போன வருடம் அவருடைய தபால் வந்தபோதும் அவருக்கு நான் அறிவிக்கவில்லை. அது என் பிழை. மத்தியானம் உட்கார்ந்து நான்கு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அவருக்கு நான்கு வரி போதும். உங்களுக்கு அது காணாது.

கப்பலில் சமையல் உதவியாளராக இருந்த காலத்தில் அவரிடம்தான் ஷோகி பழகினீர்கள். யப்பான்காரரின் சதுரங்கம். கப்பலை விட்டு இந்தத் துறைமுகத்தில் இறங்கியபோது உங்களிடம் இருந்தது ஒரு தோள்பையும் அந்த ஆட்டமும்தான் என்று சொல்லுவீர்கள். இத்தாலியின் இந்தப் பலேர்மோவில் உங்களோடு ஆட ஒருவரும் இல்லை. ஊரிலிருந்து உங்கள் மனைவியாய் நான் வந்திறங்கிய முதல் மாதமே, சந்தையில் தோடம்பழப் பெட்டிப் பலகைகளைப் பொறுக்கி வந்து, அறுத்து, தேய்த்து, நாற்பது காய்கள் செய்து, மையால் எழுத்துப் போட்டு என் முன்னால் பரப்பினீர்கள்.

"எனக்கு இந்த மரத்துண்டுகளோட என்ன வேலை?" என்று கேட்டேன்.

"நீர் பழகாட்டி நான் சுவரோடதான் விளையாட வேணும்," என்றீர்கள்.

பழகினேன். காலையில் வியா மக்வேதாத் தெருவில் நான் வேலைக்குப் போன சிஞோரா அம்மாவின் வீட்டுத் தரையைத் துடைக்கும்போது கூட, குதிரை எங்கே பாயும், வெள்ளி என்ற காய் எந்தப் பக்கம் நகராது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டு சங்கதிகள் மட்டும் எனக்குப் புதினமாக இருந்தன. இந்த ஆட்டத்தில் பிடிபட்ட காய் சாவதில்லை. பிடித்தவன் அதைக் கையில் வைத்திருந்து, தனக்குத் தேவையான நேரத்தில், தன் காயாகப் பலகையில் வைக்கலாம். மற்றது, அநேகமான காய்கள் முன்னுக்குத்தான் வேகமாகப் போகும். பின்னுக்கு வரத் தெரியாது. ஆகவே அரசன் தப்பி எதிரியின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் அவனைப் பிடிப்பது கடினம்.

வருடத்துக்கு ஒருமுறை ஒபிசர் அனுப்பும் தாள்தான் எங்கள் வீட்டுப் பெருநாள். சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டின் மேசையில் பலகையை வைத்து, தாளைப் பார்த்து நகர்வு நகர்வாக ஆடிப் பார்ப்போம். அவற்றில் ஒன்றைத்தான் நீங்கள் விடவே இல்லை. ஏழு ஆட்டத் தொடரின் ஏழாவது ஆட்டம். வென்றவருக்குப் பட்டம். பழைய பட்டக்காரர் தன் அரசனை மூலைக் கோட்டைக்குள் வைத்திருந்தார். சவாலுக்கு வந்த இளையவரின் தேர் பக்கத்தால் உள்ளே புகுந்துவிட்டது. எழுபத்தெட்டாவது நகர்வில் பட்டக்காரர் கையிலிருந்த தங்கம் என்ற காயை எடுத்து அரசனுக்குப் பக்கத்தில் காவலாக வைத்தார். இளையவர் ஒரு வெள்ளியைக் கொடுத்து அந்தத் தங்கத்தைப் பிடித்தார். கடைசியில் அதே தங்கத்தை வைத்துத்தான் அரசனை முடித்தார்.

பத்திரிகைக்காரர் அந்த இடத்தில் வேறு வழி இருக்கவில்லை என்று எழுதியிருந்ததாக ஒபிசர் குறித்திருந்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

"தங்கத்தை வைக்கிறது பிழையப்பா. நாங்கள் வைக்கிற காவலே அவன்ர கைக்குப் போகுது. அரசன் அந்த நேரம் வெளிக்கிட வேணும். நடுவுக்கு வந்து, அங்கால அவன்ர பக்கத்துக்கே நடக்க வேணும்."

"வெறுங்கையோட நடுவெளியில நடக்கிறதோ? நாலு அடி போக முதல் சாவான்."

"உள்ளுக்கை இருந்தாலும் சாவான்தானே. வீட்டுக்குள்ளை இருந்தா வீடும் போகும், ஆளும் போகும்."

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். நீங்கள் ஆட்டத்தைத்தான் சொன்னீர்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. என் அப்பா, போர் வந்து ஊரில் எல்லோரும் வெளிக்கிட்ட பிறகும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர். ஷெல் விழுந்து வீடும் போய் அவரும் போனார். உங்களுக்கு அது தெரியும். சொன்ன பிறகுதான் உங்கள் முகம் மாறியது. ஆனால் நான் எழும்பிவிட்டேன். "செத்தாலும் இதை ஒப்புக்கொள்ள மாட்டன். தங்கம் வைச்சதுதான் சரி," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அடுத்த நாள் காலையில் நீங்கள் வேலைக்குப் போகும்போது "வாறன்" என்றீர்கள். நான் ஓம் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றைக்கே கால்சாப் பகுதியில் நீங்கள் படிக்கட்டுக் கழுவும் கட்டடத்தில், மூன்றாம் மாடிப் படியில் விழுந்து கிடந்தீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களை நான் பார்த்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

எட்டு நாள் கழித்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். கெட்டவர் அல்ல, களைத்தவர். கண்ணை மூடு, கையை உயர்த்து, நாக்கை நீட்டு என்று தினமும் உங்களிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார். நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

"நொன் காப்பீஷே, சிஞோரா," என்றார். விளங்கவில்லை, அவருக்கு எதுவும் விளங்கவில்லை. கை காலையும் பேச்சையும் திரும்பப் பழக்கும் பயிற்சி வார்டில் கட்டில்கள் குறைவு. சொன்னதை விளங்கிச் செய்யக்கூடியவர்களுக்குத்தான் அவை. உங்களை ஊருக்கு வெளியே, நாட்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்க்கும் ஓர் இடத்துக்கு அனுப்பப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை வண்டி வரும்.

"அவருக்கு இத்தாலியன் சரியா விளங்காது. தமிழில நான் கேட்டுப் பாக்கிறன்," என்றேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "இஞ்சாருங்கோ, ஒருக்காக் கண்ணை மூடுங்கோ," என்றேன். நீங்கள் மூடவில்லை. மூன்று முறை கேட்டேன். என் முகத்தைப் பார்த்தீர்கள், ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவர் மாதிரி. டாக்டர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை: அன்றைக்கு நானும் நம்பினேன். நீங்கள் உள்ளே இல்லை என்று நம்பினேன். எங்கள் சனம் சொன்னபடி புதன்கிழமை நகரத்துக்கு மேலே உள்ள பெல்லெக்ரினோ மலைக்கு நடந்து ஏறி, அங்குள்ள புனிதவதியின் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி அழுதேன். இறங்கி வரும்போது, நீங்கள் விழுவதற்கு முதல் உங்களிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை எதுவென்று நினைவு வந்தது. தங்கம் வைச்சதுதான் சரி. அதற்கு நீங்கள் மறுமொழி சொல்லவே இல்லை. எந்தச் சண்டையிலும் என்னை அப்படி வெல்ல விட்டவர் இல்லையே நீங்கள்.

வியாழக்கிழமை, நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்துக்குப் பலகையையும் காய்களையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சக்கர மேசையை உங்கள் நெஞ்சுக்கு நேரே இழுத்தேன். தாளைப் பார்த்து எழுபத்தேழாவது நகர்வு வரை காய்களை அடுக்கினேன். பிறகு பட்டக்காரரின் தங்கத்தை எடுத்து, அரசனுக்குப் பக்கத்தில் சத்தமாக வைத்தேன்.

"வைச்சிட்டன். நான் சொன்னதுதான் சரி. நீங்கள் தோத்திட்டீங்கள்."

நீங்கள் பலகையைப் பார்த்தீர்கள். பக்கத்துக் கட்டில் கிழவர் இருமினார். தாதி ஒருத்தி வந்து மருந்துப் போத்தலை மாற்றிவிட்டுப் போனாள். உங்கள் இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. அது தங்கத்தைத் தேடிப் போன விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விரல்கள் வழியில் ஒரு காலாளைத் தட்டி விழுத்தின. தங்கத்தைப் பிடித்தன. பலகைக்கு வெளியே, கையில் இருக்கும் காய்களை வைக்கும் இடத்தில், அதைத் திருப்பி வைத்தன. பிறகு அரசனை ஒரு கட்டம் கோட்டைக்கு வெளியே தள்ளின.

தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். அது என்னோடு கோபித்துக்கொண்டிருக்கும் என் மனிதரின் பார்வை.

நான் வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். டாக்டர் ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார்.

"தற்செயலாகக் கை பட்டிருக்கலாம், சிஞோரா. குடும்பத்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது வழமை."

"அப்ப நீங்களே பாருங்கோ. எந்தக் காய் எப்பிடிப் போகும் எண்டு எழுதித் தாறன். நான் வெளியில நிக்கிறன். நீங்கள் பிழையா ஒண்டை நகர்த்துங்கோ."

என் அரைகுறை இத்தாலியனில், அவருடைய மருந்துச் சிட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு காயையும் வரைந்து, அதன் போக்கை அம்புக்குறியால் காட்டிக் கொடுத்தேன். வெளியே போய்க் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டாக்டர் சிட்டையைப் பார்த்துப் பார்த்து, முன்னுக்கு மட்டும் போகக்கூடிய ஈட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தினார். உங்கள் இடது கை அதைத் திரும்பவும் அதன் கட்டத்தில் வைத்தது. அவர் ஒரு காலாளைச் சரியாக ஒரு கட்டம் நகர்த்தினார். கை அசையவில்லை. குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். கை அதைத் திருப்பி வைத்தது. டாக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னும் நான்கைந்து முறை செய்து பார்த்தார். பிறகு கட்டில் காலில் தொங்கிய கோப்பை எடுத்து, எழுதியிருந்த எதையோ குறுக்காக வெட்டினார்.

வெளியே வந்து என்னிடம், "சொல் அவருக்குள் போகவில்லை. ஆனால் அவர் இருக்கிறார்," என்றார். "நாளைய வண்டியை நிறுத்தச் சொல்லுகிறேன்."

பயிற்சி வார்டில் ஐந்து மாதம் இருந்தீர்கள். முதலில் திரும்பி வந்த சொல் "இல்லை." நான் ஒரு காயைப் பிழையாக வைத்தபோது வந்தது. பிறகு "தண்ணி", பிறகு என் பெயரில் பாதி. கைத்தடியோடு வீட்டுப் படியேறிய அன்று, மேல் படியில் நின்று, "வந்திட்டன்," என்றீர்கள், முழுதாக.

அந்தக் குளிர்காலம் முழுக்க அரசனை நடக்கவைத்தோம். நான் இளையவருக்காக அடித்தேன், நீங்கள் தப்பினீர்கள். என்னால் அவனைப் பிடிக்கவே முடியவில்லை. உங்கள் வழி முழுவதையும் நான் எழுதி ஒபிசருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. அரசன் வெளிக்கிட்டாலும் தோல்விதான். ஆனால் இளையவர் முப்பது நகர்வுக்கு ஒரு பிழைகூட விடாமல் ஆடவேண்டியிருக்கும். அந்த நேரத்தில், அந்தக் களைப்பில், அது யாராலும் முடிந்திருக்குமா என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னாராம்.

நான் அதைப் பயந்து பயந்து வாசித்துக் காட்டினேன். நீங்கள் இடது கையால் மேசையைத் தட்டி, "முப்பது," என்றீர்கள். "முப்பது... நல்லது. இன்னும்... பாப்பம்." அன்றைக்குத்தான் நான், தங்கம் வைத்தது பிழை என்று உங்களிடம் ஒப்புக்கொண்டேன். நீங்கள் சிரித்த சிரிப்புக்கு வாய் இன்னும் ஒரு பக்கம்தான் போனது.

மூன்று வருடம் கிடைத்தது. பிறகு இருதயம். அதில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

கனடாவிலிருந்து அண்ணா போன் எடுத்து, "இனி அங்கை தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? வந்து எங்களோட இரு," என்றார். நான் மாட்டேன் என்றேன். நாலு சுவருக்குள் என்னைப் பத்திரமாக வைத்திருப்பார், அது தெரியும். நோயாளர் பராமரிப்புப் படிப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னைவிட இருபது வயது இளையவர்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்க எனக்கு ஒரு பின்னேரம் வேண்டியிருந்தது. முதல் சோதனையில் தவறினேன். இரண்டாவதிலும் தவறினேன். மூன்றாவதில் தேறினேன். அந்தப் பத்திரத்தைக் கொண்டு நேரே உங்கள் பயிற்சி வார்டுக்குத்தான் போனேன். இப்போது ஏழு மாதமாக அங்கே வேலை செய்கிறேன்.

போன கிழமை ஒரு சிகையலங்காரக்காரரைக் கொண்டுவந்தார்கள். எழுபது வயது. உங்களைப் போலவே வலப்பக்கம் இல்லை, பேச்சு இல்லை. மகன் கட்டிலடியில் நின்றான். "அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கஷ்டப்பட வேண்டாம்," என்றான். அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்டேன். சொன்னான்.

மறுநாள் ஒரு சீப்புக் கொண்டுபோனேன். என் கொண்டையை அவிழ்த்து முடியை விரித்துவிட்டு, அவர் முன்னால் முக்காலியில் இருந்தேன். சீப்பை அவருடைய இடது கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போனது. சீப்பு நழுவி மடியில் விழுந்தது. நான் எடுத்துத் திரும்பவும் கையில் வைத்தேன்.

"விடுங்கள், சிஞோரா," என்றான் மகன்.

"பொறு," என்றேன் தமிழில். அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும், ஓரடி பின்னுக்குத் தள்ளி நின்றான்.

அப்போது அந்த மனிதர் சீப்பைத் தானே மடியில் வைத்தார். இரண்டு விரல்களை என் மோவாய்க்குக் கீழே கொடுத்து, முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்பி, முடி வெட்ட முதல் செய்வதுபோல் தலையை நேராக்கினார்.

நான் தலையை அசைக்காமல், இருந்த இடத்திலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டேன்.