மாமன் வளர்த்த கல்யாண மல்லி

என் அக்கா பெற்ற செல்வமே,

நான் இருக்கும் இந்த லோத்குண்டாவில் வெயில் ஐம்பது டிகிரி; டி.வி.யில் குறைத்துச் சொல்கிறார்கள். உன் கல்யாண மாலைக்கென்று வைத்த குண்டுமல்லியைப் பச்சை வலை கட்டி, ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றிக் காப்பாற்றினேன். செடிக்கு ஆயிரம் மொட்டு. கன்டோன்மென்ட் கர்னலே ஜீப்பை நிறுத்தி, "கியா பாத் ஹை, மாமா!" என்று இந்தியில் வியந்து சல்யூட் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை உன் கல்யாணம் முடிந்ததை வாட்ஸ்அப் போட்டோவில் பார்த்தேன். தாய்மாமன் மாலை யார் போட்டார்களோ. எனக்கு அனுப்பிய பத்திரிகை தபாலில் தொலைந்திருக்கும். வருத்தமெல்லாம் இல்லை.

பக்கத்து வீட்டு புஷ்பாதான், "மாமா, பூவெல்லாம் விரியுதே, கல்யாணம் எப்போ?" என்று தினமும் கேட்கிறாள். ஐயாயிரம் பேருக்கு மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கம் வந்தால் தாலியைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அம்மாவின் ஒரே தம்பி