கனடா விஸ்கியில் திராட்சை வாசம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அம்மாவிடம் சொல்லாதீர்கள், நேற்று வேலையிடத்தில் கனடாவின் கலவை விஸ்கி ஒன்றை ருசி பார்த்தேன். விழுங்கவில்லை, துப்பிவிட்டேன். மது ருசி பார்த்துச் சொல்லும் வேலைக்குப் பழகும் என் அறைத்தோழி அக்காதான் கோப்பையைக் கொடுத்தார்.

“மோப்பம் பிடிக்கிறதுல உன்னை மிஞ்ச ஆளில்ல. சொல்லு, உன் பேரைச் சொல்லியே மேனேஜர்கிட்ட சொல்றேன்.”

“உலர்திராட்சை வாசம்க்கா. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்ல வெச்சிருப்பாங்க.”

ஆனால் அக்கா மேனேஜரிடம் அதைத் தன் கண்டுபிடிப்பாகவே சொல்லிப் பாராட்டு வாங்கினார். பக்கத்தில்தான் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மேனேஜர் போனதும் அக்கா கூசாமல் அடுத்த கோப்பையை என்னிடம் நீட்டினார்.

“சளி பிடிச்சிருக்குக்கா, ஒரு வாசமும் தெரியல” என்றேன்.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே திரை கட்ட வேண்டும். வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்