மயில் இல்லாவிட்டாலும் அந்தத் தகடுதான் வேண்டும்

அனுப்புநர்:
சத்தியபாமா செந்தில்நாதன்,
டூங்கபி, நியூ சவுத் வேல்ஸ்.

பெறுநர்:
பணிப்பாளர்,
காட்டுநில இலக்கத்தகடுத் திட்டம்,
சிட்னி.

பொருள்: பறவைப் படம் போட்ட வாகன இலக்கத்தகடுகளைத் திரும்பப் பெறும் முடிவைக் கைவிடக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. இலக்கத்தகடுகளை ஒப்படைத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும்படி தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. மன்னிப்பும் கேட்டிருந்தீர்கள். எந்த அலுவலகமும் எங்களிடம் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை, நன்றி. ஆனால் தகடுகளைத் தருவதாக இல்லை.

2. தகடு விற்ற பணத்தில் நீல மலைப் பக்கமுள்ள ஒரு பள்ளத்தாக்கை வாங்கி, வீடு கட்டுவோர் கைக்குப் போகாமல் காப்பது தங்கள் திட்டம். பென்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் வரதராஜன் அங்கிளுக்கு அது எதுவும் தெரியாது. படத்தில் தோகை விரித்த பறவையைக் கண்டார், முருகனின் மயில் என்று வாங்கித் தன் வான் வண்டியில் பூட்டினார். கோயிலில் வாகனப் பூசை செய்த ஐயர் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் வாங்கினோம். விளக்கக் குறிப்பை ஒருவரும் வாசிக்கவில்லை, நான் உட்பட.

3. பிறகு அங்கிளுக்குச் சந்தேகம் வந்தது. "மயிலெண்டால் கழுத்து நீலமாய் இருக்கோணும், இது மண்ணிறமாய்க் கிடக்கு" என்று சொல்லி, அச்சுப் பிழை எனத் தங்களுக்கு முறைப்பாடு அனுப்பினார். தாங்களோ, அது மயிலல்ல, இந்த நாட்டுக் காடுகளில் வாழும் யாழ்ப்பறவை (லயர்பேர்ட்) என்று விளக்கி, நாங்கள் ஏமாந்துவிட்டதாக வருந்தி, விற்பனையையே நிறுத்திவிட்டீர்கள். பணமெல்லாம் திரும்பிப் போனால் பள்ளத்தாக்கை வாங்க முடியாது என்றும் அதே கடிதத்தில் இருந்தது. அதுதான் எனக்கு மனம் கேட்கவில்லை.

4. கடந்த ஞாயிற்றுக்கிழமை, தகடு வாங்கிய குடும்பங்கள் எல்லாம் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனோம். வாகனங்களை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தால், பன்னச் செடிகளுக்குள் வான் வண்டி பின்னோக்கி வரும் சத்தம். "ஆரப்பா இன்னும் ரிவர்ஸ் எடுக்கிறது?" என்று அங்கிள் கத்தினார். எட்டிப் பார்த்தால் அந்தப் பறவை! தோகையைத் தலைக்கு மேலால் கவிழ்த்து ஆடியபடி, வான் போலவே பீப் பீப் என்றது. எந்தச் சத்தத்தையும் அப்படியே திருப்பிச் செய்யும் பறவையாம், வாகனத் தரிப்பிடத்தில் கேட்டுப் பழகியிருக்கும். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அங்கிள் சிரிக்கவில்லை. அந்தக் குளிரிலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்றார். "மயில் இல்லைத்தான். ஆனா ஆட்டம் தெரிஞ்ச ஆள்" என்றார்.

5. ஆகவே தகடுகளை எங்களிடமே விட்டு, விற்பனையை மீண்டும் தொடங்கி, பள்ளத்தாக்கை வாங்கிவிடுமாறு மிகுந்த மகிழ்ச்சியுடன் கேட்டுக்கொள்கிறேன். படத்தை மயிலாக மாற்றித் தரலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம் ஐயா. அந்தக் கழுத்து மண்ணிறமாகவே இருக்கட்டும். மயில் என்று நினைத்து வாங்கினோம். இப்போது அது இன்னதென்று தெரிந்தே கேட்கிறோம்.

விற்பனை தொடங்கும் நாளைத் தயவுசெய்து முன்கூட்டியே அறிவியுங்கள். அங்கிள் தம் மனைவியின் காருக்கும் ஒன்று வாங்கப் போகிறார். ஐயரிடம் பூசைக்குச் சொல்லியும் வைத்துவிட்டார்.

இணைப்பு: என் மகள் தேஜஸ்வினி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு.

இடம்: டூங்கபி
திகதி: 13 ஆகஸ்ட் 2025

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
சத்தியபாமா செந்தில்நாதன்
(தகடு வாங்கிய எல்லாக் குடும்பங்களின் சார்பிலும்)